ஜிம்மில் போட்ட ஊசி, 25 சதவீத பம்பிங்: ஒரு வாசகருக்கு இதயநோய் மருத்துவரின் பதில்

தக்கலை பக்கத்திலிருந்து 28 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. இவர் இருசக்கர வாகன ஷோரூமில் வேலை பார்க்கிறார். மூன்று வருடத்துக்கு முன் ஜிம்மில் சேர்ந்தார். ஆணழகன் போட்டிக்குத் தயாரானபோது அங்கிருந்த சீனியர் ஒருவர் மெஃபென்டர்மின் என்ற ஊசி மருந்தை அறிமுகப்படுத்தினார். "போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடாகும். களைப்பே தெரியாது. இரவு 11 மணிக்குக்கூட வெயிட் தூக்கலாம் போல இருக்கும்" என்று எழுதுகிறார். முதலில் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு தினமும், கடைசி ஒரு வருடம் காலையும் மாலையும். ஒரு பாட்டிலை நாலைந்து பேர் பங்கு போட்டிருக்கிறார்கள். சில நாள் சிரிஞ்சும் ஒன்றே. இடையில் சில மாதம் ஸ்டீராய்டு ஊசியும் போட்டிருக்கிறார்.

ஆறு மாதத்துக்கு முன் நண்பர்களோடு மருத்துவாழ்மலை ஏறும்போது பாதி வழியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். வீசிங் என்று நினைத்து இன்ஹேலர் வாங்கி அடித்தார். பிறகு மல்லாந்து படுக்க முடியாமல் போனது, கால் வீங்கியது. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்கோ எடுத்தபோது இதயம் பெரிதாகியிருப்பதும் பம்பிங் 25 சதவீதம்தான் என்பதும் தெரிந்தது. "சமீபத்தில் வைரஸ் காய்ச்சல் ஏதாவது வந்ததா?" என்று மருத்துவர் கேட்க, அம்மா பக்கத்தில் நின்றதால் "ஆமாம்" என்று சொல்லிவிட்டார். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது, வீக்கம் வடிந்துவிட்டது. மூன்று வாரம் ஊசி போடாமல் இருந்து, சோர்வு தாங்காமல் பாதி அளவில் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

அவர் கேட்பவை இவை. இதயம் பழைய நிலைக்கு வருமா? ஊசி விஷயத்தை மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா, சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா? கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லையா? அம்மா ஒரு வர்ம வைத்தியரிடம் போகச் சொல்கிறார், போகலாமா? திருவனந்தபுரத்துக்குப் போய் மாற்று இதயம் வைக்க வேண்டும் என்று நண்பர் சொல்வது உண்மையா? ஆவணியில் கல்யாணம், பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது 25 சதவீதம் என்ற எண் இல்லை. அந்த எண்ணுக்குக் காரணம் என்ன என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்கு மருந்து எழுதுபவருக்குத் தெரியாது. அதுதான் பெரிய ஆபத்து. அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அந்த ஊசி உடம்பில் என்ன செய்கிறது

"இது போதைப்பொருள் இல்லை சார், ஆஸ்பத்திரியில் டாக்டர்களே போடும் மருந்துதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் போடுவது உண்மை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து அறுவைச் சிகிச்சை செய்யும்போது, உதாரணமாக சிசேரியனில், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதை ஏற்றுவதற்காக மயக்க மருந்து நிபுணர் சில மில்லிகிராம் மட்டும் கொடுப்பார். மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஏற வேண்டிய அளவு ஏறியதும் நிறுத்திவிடுவார். இறங்கிப்போன அழுத்தத்தை ஏற்றத்தான் அந்த மருந்து. உங்களுக்கு அழுத்தம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததை ஒரு வருடமாகத் தினமும் இரண்டு வேளை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள்.

வேதியியல்படி மெஃபென்டர்மின் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கி மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'மெத்' என்கிறார்களே அந்த மெத்தாம்ஃபெட்டமினுக்கும், எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளுக்கும் இது நெருங்கிய சொந்தம். நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினை இது வெளியே தள்ளுகிறது. ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு பயன்படுத்தும் சரக்கு அது. இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும், தூக்கமும் பசியும் போகும். களைப்பு தெரியாமல் போனதே தவிர, களைப்பு போகவில்லை. ஓய்வு கேட்கும் தசையை விடாமல் வேலை வாங்கியிருக்கிறீர்கள். போகப்போக நரம்பு முனையில் சேமிப்பு குறைவதால் அதே அளவு வேலை செய்யாது. அதனால்தான் வாரம் இரண்டு என்று தொடங்கியது தினம் இரண்டு வேளையில் வந்து நின்றது.

இந்த அதிகப்படி நார்அட்ரினலின் இதயத்தசைக்கு நேரடியாகவே விஷம். தசைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, அந்த இடத்தில் தழும்பு விழும். மிச்சத் தசை தளர்ந்து, இதய அறை ஊதிப் பெரிதாகும். உங்கள் எக்கோ ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் டைலேட்டட் கார்டியோமயோபதி இதுதான். இன்னும் மூன்று வழிகளிலும் இந்த வகை ஊக்கிகள் இதயத்தைத் தாக்கும். அடைப்பே இல்லாத இளம் வயதிலும் ரத்தக்குழாய் இறுகி மாரடைப்பு வரலாம். துடிப்பு தாறுமாறாகி நொடியில் உயிர் போகலாம். ஊதிப்போன அறைக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம். இதயத்துக்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று உங்கள் எக்கோவில் குறிப்பாகப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மெத் பழக்கத்தால் இதயம் தளர்ந்தவர்களிடம் இந்தக் கட்டியை அதிகம் பார்க்கிறோம்.

உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் கூடுதலாக வரட்டும் என்று எத்திஃபான் தடவுவார்கள். தடவியதும் சிரட்டை நிறையும். அளவு மீறித் தடவி, இடைவெளி விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். அப்படி நின்ற மரத்துக்கு இன்னும் கொஞ்சம் தடவிப் பார்க்கலாம் என்று அனுபவமுள்ளவர் யாரும் சொல்ல மாட்டார். வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுப்பார். "பாதி அளவில் போடலாமா?" என்ற உங்கள் கேள்விக்கும் என் பதில் அதுதான். கூடாது. பாதி கூடாது, கால் கூடாது, போட்டி நாளுக்கு மட்டும் என்பதும் கூடாது. பழுதான இதயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. முன்பு தாங்கிய அளவை இப்போது அது தாங்காது.

25 சதவீதம் என்றால் 75 சதவீதம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை

"கால்வாசி இதயம்தான் உயிரோடு இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பலர் இப்படித்தான் புரிந்துகொண்டு தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள். இதய அறையில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல ஆரோக்கியமான இதயமும் நூறு சதவீதம் தள்ளாது. 55 முதல் 70 வரைதான் இயல்பு. ஆகவே உங்கள் 25ஐ 60க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது கடுமையான தளர்ச்சிதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நினைத்த அளவுக்கு இல்லை.

பழைய நிலைக்கு வருமா? வர வாய்ப்பு இருக்கிறது. ஊக்கி மருந்துகளால் வரும் இதயத்தளர்ச்சிக்கும் மற்ற பல காரணங்களால் வருவதற்கும் இதில் முக்கியமான வித்தியாசம் உண்டு. இங்கே காரணத்தை நிறுத்த முடியும். மெத் பழக்கத்தால் இதயம் தளர்ந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், முழுமையாக நிறுத்தி மருந்தும் ஒழுங்காக எடுத்தவர்களுக்குப் பம்பிங் ஏறியிருக்கிறது. தொடர்ந்து எடுத்தவர்களுக்கு ஏறவில்லை. தசையில் தழும்பு எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு முழுதாகத் திரும்பும், சிலருக்குப் பாதி வழியில் நிற்கும். உங்களுக்கு எதுவரை வரும் என்று இன்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வயது 28, பழக்கம் மூன்று வருடத்துக்குள், மருந்தில் வீக்கம் வடிந்திருக்கிறது. இவை மூன்றும் உங்கள் பக்கம் இருக்கின்றன.

காரணம் முழுவதையும் ஊசி மேல் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடுவதும் தவறு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதயம் தளரும். குடியாலும் தளரும், நீங்கள் போட்ட ஸ்டீராய்டு ஊசியாலும் தளரும். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் மரபணுக் காரணத்தையும் யோசிக்க வேண்டும். தைராய்டு, சிறுநீரகம், பொட்டாசியம், சர்க்கரை, இரும்புச்சத்து ஆகிய ரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம், தழும்பின் அளவு தெரிய இதய எம்ஆர்ஐ என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். அந்த முடிவைச் சரியாக எடுக்க அவருக்கு முழு விவரமும் வேண்டும். வைரஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் ஒரு வழியில் யோசிப்பார், ஊசி என்று தெரிந்தவர் வேறு வழியில் யோசிப்பார்.

மாத்திரைகள்

நீங்கள் எழுதிய பட்டியலில் சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன், கார்வெடிலால், ஸ்பைரோனோலாக்டோன், டாபாக்லிஃப்ளோசின் நான்கும் இருக்கின்றன. நீர் பிரிய ஃபுரோசிமைடும் இருக்கிறது. சரியான சிகிச்சைதான் நடக்கிறது. இவை வெறும் அறிகுறியைக் குறைக்கும் மாத்திரைகள் அல்ல, ஆயுளைக் கூட்டுபவை. சின்ன அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுவார்கள். "ஒவ்வொரு தடவையும் டோஸை ஏற்றுகிறார், அப்படியானால் நோய் முற்றுகிறதா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. உடம்பு தாங்கும் அதிகபட்ச அளவுக்குக் கொண்டுபோவதுதான் முறை.

இங்கேதான் மறைப்பதன் ஆபத்து வருகிறது. கார்வெடிலால் இதயத்துக்கு ஓய்வு கொடுக்கும் மருந்து. அதை விழுங்கிவிட்டு மேலே ஊக்கி ஊசி போடுவது, இதயத்தை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுப்பது. அழுத்தம் எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க முடியாது. உங்கள் துடிப்பு ஏன் குறையவில்லை என்று புரியாமல் மருத்துவர் டோஸை ஏற்றுவார், அல்லது வேறு மருந்தைச் சேர்ப்பார். நாளைக்கே குடல்வாலுக்கு ஆபரேஷன் என்று படுத்தால், இந்த ஊசிப் பழக்கம் தெரியாத மயக்க மருந்து நிபுணர் பெரிய சிக்கலில் மாட்டுவார். நீங்கள் அதைவிடப் பெரிய சிக்கலில் மாட்டுவீர்கள்.

இன்னொன்று. பம்பிங் ஏறியதும், "சரியாகிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், இதயத்தளர்ச்சியிலிருந்து முழுதாக மீண்ட 51 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்தைப் படிப்படியாக நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. கார்வெடிலாலை ஒரே நாளில் சட்டென்று நிறுத்துவது அதைவிட மோசம். தீர்ந்துபோவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு தாங்கவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைக்கும். இனிமேல் ஏதாவது கருவி பொருத்த வேண்டி வந்தால் அது மிகவும் உதவும். இப்போதே எடுத்து வையுங்கள்.

சொன்னால் போலீஸ் வருமா?

வெளிநோயாளியாகப் போய், "நான் இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்" என்று சொன்னால் மருத்துவர் போலீஸைக் கூப்பிட மாட்டார். நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று மருத்துவர்களின் தொழில் ஒழுங்கு விதிகள் (2002) சொல்கின்றன. நீதிமன்றம் கேட்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் வயது வந்தவர். அம்மாவிடமும் சொல்லக் கூடாது என்றால் அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அளவு மீறிப் போட்டு மயங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வந்தால், மற்ற விஷ பாதிப்புகளைப் போல மருத்துவ-சட்டப் பதிவு போடும் வழக்கம் ஆஸ்பத்திரிகளில் உண்டு. சுயநினைவோடு இப்போதே போய்ச் சொல்வது அந்த வகையிலும் நல்லது.

மருத்துவர் சீட்டில்லாமல் இந்த ஊசியை விற்கக் கூடாது. சட்டப்படி முதலில் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர். கடிதத்தின் ஓரிடத்தில், நண்பர்களில் ஒருவர் கொச்சியிலிருந்து 'மெத்' கொண்டுவந்து தந்ததாகவும் ஒருமுறை மட்டும் எடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் விஷயம். அந்தச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர் மேல் வழக்குத் தொடர்வதிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். நான் மருத்துவன். உங்கள் மேல் ஏதாவது வழக்கோ விசாரணையோ ஏற்கெனவே இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். சிகிச்சைக்குப் போவதால் ஆபத்து வரும் என்ற பயத்தில் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை.

நிறுத்தும்போது வரும் சோர்வு

மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடி போட்டதற்காக உங்களை நீங்களே "கேடுகெட்டவன்" என்று திட்டி எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுத வேண்டாம் தம்பி. அந்தச் சோர்வு சோம்பேறித்தனம் இல்லை. மூளை வெளியிலிருந்து வந்த ஊக்கத்துக்குப் பழகிவிட்டது. நிறுத்தியதும் அளவில்லாத தூக்கம், எதிலும் பிடிப்பின்மை, எரிச்சல், ஊசி நினைப்பு எல்லாம் வரும். பல வாரங்கள்கூட இருக்கலாம். இதயத்தளர்ச்சியும் தன் பங்குக்குச் சோர்வு தரும், கார்வெடிலாலும் தொடக்கத்தில் கொஞ்சம் தரும். ஸ்டீராய்டு போட்டு நிறுத்தியவர்களுக்கு உடம்பின் சொந்த டெஸ்டோஸ்டிரோன் குறைந்து மனச்சோர்வு வருவதும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

மனோதிடத்தால் மட்டும் தாண்டிவிடலாம் என்று நினைத்து நிறையப் பேர் தனியாகப் போராடித் தோற்கிறார்கள். இதய மருத்துவரோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். ஆசாரிப்பள்ளத்திலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்பு பற்றிக் கேட்க 14446 என்ற இலவச எண் உண்டு. மனது மிகவும் தளர்ந்து வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், எந்த நேரமானாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே பக்கத்தில் யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நெருங்கிய ஒருவரிடமாவது இந்த விஷயம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். கடிதத்தைப் படித்தவரை, அந்த ஒருவர் உங்கள் அக்கா மாப்பிள்ளையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வர்ம வைத்தியம், சாப்பாடு, உடற்பயிற்சி

நம் மாவட்டத்தில் வர்ம வைத்தியத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும். அம்மாவைக் கோபிக்காதீர்கள். தளர்ந்த இதயத்தசையைத் தடவலோ எண்ணெயோ சரிசெய்யாது. சுளுக்குக்குப் போவதென்றால் போங்கள், இதற்காகப் போக வேண்டாம். உள்ளுக்குக் கஷாயமோ சூரணமோ எடுப்பதானால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்கி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். குறிப்பாக அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். உங்களுக்கு அது ஆகாது.

உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். இதயத்தளர்ச்சியை அவை மோசமாக்கும். மூக்கடைப்புக்கு விற்கும் சில சளி மாத்திரைகளிலும், ஜிம்மில் விற்கும் 'ப்ரீ-வொர்க்அவுட்' பொடிகளிலும் ஊக்கிகள் உண்டு. கொழுப்பைக் கரைக்கும் என்று தரும் கிளென்புட்டெரால் இன்னும் ஆபத்தானது. எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்.

ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்க வேண்டும். கருவாடு, பப்படம், ஊறுகாய், உப்பு போட்ட நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் கொஞ்ச காலம் வேண்டாம். மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடலாம், உப்பைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். உடம்புக்கு நல்லது என்று தினமும் இரண்டு இளநீரும் மட்டிப்பழச் சீப்பும் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே கவனம் வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். அது எல்லை மீறினால் துடிப்பே நின்றுபோகலாம். ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லும்வரை இளநீரை நிறுத்திவையுங்கள், பழத்தைக் குறையுங்கள்.

பளு தூக்குவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது அழுத்தம் தாறுமாறாக ஏறும். சமதளத்தில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடங்கள். இதயம் தேறியபின் பயிற்சிக்குத் திரும்புவதைப் பற்றி மருத்துவரோடு பேசலாம். பழைய ஜிம்முக்கு மட்டும் திரும்பாதீர்கள். அந்தப் பாட்டில் அங்கேதான் இருக்கிறது.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் தேங்குகிறது, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, வாய் கோணுவது, ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பது, இவற்றில் எது வந்தாலும் 108. ஊசி ஏதாவது போட்டிருந்தால் ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், சிகிச்சை முறையே அதைப் பொறுத்து மாறும்.

மாற்று இதயமா?

இப்போது இல்லை. நான்கு மருந்தும் முழு அளவில் குறைந்தது மூன்று மாதம் எடுத்தபின்பும் பம்பிங் 35க்கு மேல் ஏறவில்லை என்றால், திடீர் மரணத்தைத் தடுக்க ஐசிடி என்ற கருவி வைப்பதைப் பற்றி யோசிப்போம். மாற்று இதயம் அதையும் தாண்டிய கடைசி வழி. ஊசிப் பழக்கம் நிற்காதவரை எந்த மையமும் உங்களை அதற்கு எடுத்துக்கொள்ளத் தயங்கும். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்றால் தாராளமாகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் போகலாம். எல்லா ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயும் வைரஸ் கதையைச் சொன்னால் அலைச்சல்தான் மிச்சம்.

கல்யாணம்

சொல்ல வேண்டும். தள்ளிவைக்கவும் வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் அடுத்த எக்கோ எப்படியும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையை இதில் சேர்ப்பது நியாயமில்லை. "இப்போது சொன்னால் நின்றுவிடும், பிறகு சொன்னால் புரிந்துகொள்வாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் ஐந்து மாத்திரை விழுங்குவதை எத்தனை நாள் மறைக்க முடியும்? ஊரெல்லாம் கூடிப் பேச வேண்டாம். அந்தப் பெண்ணிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். இதயத்துக்கு என்ன ஆனது, ஏன் ஆனது, மருத்துவர் என்ன சொல்கிறார் என்று மூன்றையும் சொல்லுங்கள். அவர் கேட்டால் மருத்துவரிடம் சேர்ந்தே போங்கள். நின்றுபோகலாம். போனால் வலிக்கும். ஆனால் முடிவெடுக்கும் உரிமை அவருக்கும் இருக்கிறது. அதோடு, பெரிய நோயை மறைத்துச் செய்த கல்யாணம் பிறகு நீதிமன்றம் வரை போன குடும்பங்களும் உண்டு.

கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். சிரிஞ்சையும் பாட்டிலையும் பங்கு போட்டிருப்பதால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றுக்கும் பாருங்கள். எச்ஐவி பரிசோதனையை அரசு நம்பிக்கை மையங்களில் இலவசமாகவும் ரகசியமாகவும் செய்கிறார்கள். எது இருந்தாலும் இன்று மருந்து உண்டு. விடாமல் காய்ச்சலும் குளிரும் வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். ஊசி வழியாகக் கிருமி போய் இதய வால்வைத் தாக்கியிருக்கலாம்.

உங்களோடு அந்தப் பாட்டிலைப் பகிர்ந்த மற்றவர்களைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள்: "அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை." உங்களுக்கும் மருத்துவாழ்மலை ஏறும்வரை ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் எல்லோருக்கும் இதே ரத்தப் பரிசோதனையும் ஒரு ஈசிஜியும் எக்கோவும் வேண்டும். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் கேட்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டையே கையில் கொடுத்துக் காட்டுங்கள்.